கேப்டன் ஓட்டும் டவுன் பஸ்

சிங்கப்பூரில் கார் வாங்க ஆசைப்படுகிறவர் எடுத்த எடுப்பில் கார் வாங்கிவிட முடியாது. முதலில் ஒரு காகிதம் வாங்க வேண்டும். ‘இவர் பத்து வருஷம் வண்டி வைத்துக்கொள்ளலாம்’ என்று சர்க்கார் கொடுக்கும் அனுமதி. ஸி.ஓ.இ. என்று பெயர். 1990-ல் ஆரம்பித்த ஏற்பாடு. மாதம் இரண்டு தரம் ஏலம் விடுகிறார்கள். 2023 அக்டோபர் ஏலத்தில், சின்ன கார்களுக்கான அனுமதியே 1 லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் 60 லட்ச ரூபாய்க்கு மேல்! அதுவும் காகிதத்துக்கு மட்டும். என்ஜின், சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் தனி விலை.

ஆகவே, சம்பளத்தில் ஒரு பங்கு வாடகைக்கு, ஒரு பங்கு ஊருக்கு, மிச்சம் சாப்பாட்டுக்கு என்று கூறு போட்டு வாழும் என் போன்ற ஆபீஸ் ஆசாமிகளுக்கு பஸ்தான் கதி. ரயில் இருக்கிறது, நல்ல ரயில்தான். ஆனால் நகரத்தின் நடுவில் அது பூமிக்கடியில் ஓடுகிறது. ஜன்னலில் தெரிவது நம் மூஞ்சிதான். அதை வீட்டுக் கண்ணாடியிலேயே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பஸ்ஸில் ஏறினால்தான் ஊர் தெரிகிறது. அதைவிட முக்கியம், ஊரில் யார் யார் எப்படிப் போகிறார்கள் என்பதும் தெரிகிறது.

பத்து வருஷமாகப் பார்த்ததைச் சொல்கிறேன்.

சென்னையில் பஸ் பிடிப்பது ஒரு தடகளப் போட்டி. ஸ்டாப்பிங்குக்கு ஐம்பது அடி முன்னாலோ ஐம்பது அடி பின்னாலோ நிற்கும். ஓடத் தெரியாதவன் ஆபீஸுக்குப் போக முடியாது. சிங்கப்பூரில் ஓட வேண்டாம். ஆனால் கை நீட்ட வேண்டும். இது தெரியாமல் திருச்சியிலிருந்து வந்த நண்பர் ஒருவர், வந்த மறுநாளே ஸ்டாப்பில் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தார். அவர் நம்பர் பஸ் வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது. மூன்றாவதும் போன பிறகு எனக்கு போன்.

“என்னப்பா, தமிழன்னா நிறுத்த மாட்டாங்களா இங்க?”

“கை காட்டினீங்களா?”

“கை காட்டறதுக்கு இது என்ன ஆட்டோவா?”

ஆட்டோ இல்லைதான். ஆனால் ஒரே ஸ்டாப்பில் பத்துப் பன்னிரண்டு நம்பர் வண்டிகள் வந்து போகும். யாருக்கு எது வேண்டும் என்று டிரைவருக்கு ஜோசியமா தெரியும்? கையை நீட்டினால் போதும். மாடி வைத்த வண்டி உங்கள் காலடியில் வந்து நின்று, ஒரு பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்து, கதவைத் திறக்கிறது. யானை மண்டி போட்டு ஆளை ஏற்றிக்கொள்கிற மாதிரி. நண்பர் நாலாவது பஸ்ஸில் ஏறிவிட்டு மறுபடி போன் பண்ணினார்: “யோவ், எனக்காக ஒரு பஸ்ஸே குனியுதுய்யா!”

இங்கே ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஐந்து இலக்கத்தில் ஒரு நம்பர் உண்டு. சுமார் 5,000 ஸ்டாப்புகள். அந்த நம்பரைச் செல்போனில் தட்டினால் எந்த பஸ் எத்தனை நிமிஷத்தில் வரும் என்று சொல்லிவிடும். அதோடு விடுகிறதா? பச்சை என்றால் உட்கார இடம் இருக்கிறது, மஞ்சள் என்றால் நிற்கலாம், சிவப்பு என்றால் நெரிசல் என்று கலர் போட்டு வேறு காட்டுகிறது. ‘உள்ளே இடம் இருக்கா சார்?’ என்று படிக்கட்டில் தொங்குபவரைக் கேட்கும் நம் ஊர் வழக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை.

கண்டக்டரும் இல்லை. 1980களிலேயே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏறும்போது ஒரு இயந்திரத்தின் மேல் கார்டை வைக்க வேண்டும். ‘பீப்’ என்று கத்தும். இறங்கும்போது மறுபடி வைக்க வேண்டும், மறுபடி ‘பீப்’. போன தூரத்துக்குத் தகுந்த காசு கழிந்துவிடும். இறங்கும்போது வைக்க மறந்தால் அந்த பஸ் கடைசி ஸ்டாப் வரை போகிற கட்டணத்தை எடுத்துக்கொண்டுவிடும். சுமார் 1.30 டாலரில் ஆரம்பித்து, தீவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை போனாலும் இரண்டரை டாலர் சுமாரில் முடிந்துவிடுகிறது. முக்கால் மணிக்குள் வேறு பஸ்ஸோ ரயிலோ மாறினால் அதே பயணத்தின் தொடர்ச்சி என்று கணக்கு. மீட்டர் மறுபடி முதலிலிருந்து ஓடாது.

கண்டக்டர் போனாலும் அவருடைய வசனம் போகவில்லை. ‘உள்ள போ, உள்ள போ, நடுவுல எவ்ளோ இடம் இருக்கு பாரு!’ என்று தொண்டை கிழியக் கத்துவாரே, அந்த வேலையை இங்கே ஒரு கார்ட்டூன் பையனிடம் கொடுத்திருந்தார்கள். ‘மூவ்-இன் மார்ட்டின்’ என்று பெயர். ஸ்டிக்கரில் நின்று சிரித்துக்கொண்டே ‘உள்ளே நகருங்கள்’ என்பான். முதுகுப் பையைக் கழற்றி வைக்கச் சொல்ல ஒரு பென்னி, இடம் விட்டுக்கொடுக்க ஒரு ஸ்டேஸி, போனில் மெதுவாகப் பேசச் சொல்ல ஒரு ஹன்னா என்று கோஷ்டியாகவே இருந்தார்கள்.

ஹன்னாவுக்கும் நம் ஆட்களுக்கும்தான் ஒத்துவராது. ஊரில் அம்மாவோடு பேசும்போது நமக்குக் குரல் தானாக உயர்ந்துவிடுகிறது. நடுவில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் இருக்கிறதே, அவ்வளவு தூரம் கேட்க வேண்டாமா?

இவ்வளவு ஒழுங்கான ஜனங்கள் ஒரே ஒரு தரம் கார்டு விஷயத்தில் பொங்கி எழுந்ததைப் பார்த்தேன். 2024 ஜனவரியில், பழைய கார்டு முறையை ஜூன் மாதத்தோடு நிறுத்திவிட்டுப் புது முறைக்கு மாற்றப் போவதாக அறிவித்தார்கள். எல்லாம் வசதிதான். ஒரே குறை: காசு எவ்வளவு கழிந்தது, மிச்சம் எவ்வளவு என்பதை அந்த இயந்திரம் காட்டாது; போனைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். “என் காசு எவ்வளவு மிச்சம்னு என் கண்ணுக்குத் தெரியணும்” என்று பெரியவர்கள் பிடித்த பிடியில் ஜனவரி 22-ம் தேதியே திட்டம் கைவிடப்பட்டது. பழைய முறையும் தொடரட்டும் என்று அதற்காக 40 மில்லியன் டாலர், அதாவது 4 கோடி டாலர், தனியாக ஒதுக்கினார்கள். டிக்கெட் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்விட்ட கண்டக்டரையே பார்த்தபடி பயணம் செய்த நமக்கு அந்த மனசு புரியாதா என்ன?

*

பஸ் ஓட்டுபவரை இங்கே டிரைவர் என்று அழைப்பதில்லை. ‘பஸ் கேப்டன்’. நம் ஊரில் கேப்டன் என்றால் விஜயகாந்த் ஒருவர்தான். இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் உண்டு. ஜனங்கள் ‘அங்கிள்’ என்கிறார்கள். பெண் கேப்டன்களும் இருக்கிறார்கள், அவர்கள் ‘ஆன்ட்டி’.

கேப்டன் என்ற பட்டம் சும்மா வைத்ததில்லை என்று எனக்குத் தோன்றியது சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி ஏறிய அன்றுதான். ஆபீஸ் நேரம். பஸ் நிறையக் கூட்டம். கேப்டன் என்ஜினை நிறுத்தினார், இறங்கி வந்தார், நடுக் கதவருகே மடித்து வைத்திருந்த பலகையைப் பிரித்துச் சரிவாகப் போட்டார், நாற்காலியைத் தள்ளி உள்ளே கொண்டுவந்து உரிய இடத்தில் நிறுத்தினார், பலகையை மடித்தார், மறுபடி போய் உட்கார்ந்தார். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். பஸ்ஸில் ஒருத்தர்கூட ‘ச்சு’ கொட்டவில்லை. வாட்ச்சைப் பார்த்த ஒரே ஆள் நான்தான். 2020 கடைசியிலிருந்து இங்குள்ள பொது பஸ்கள் எல்லாமே சக்கர நாற்காலி ஏறக்கூடிய பஸ்கள்.

இந்த அமைதி வானத்திலிருந்து விழுந்ததில்லை. 1955-ல் ஹாக் லீ என்ற பஸ் கம்பெனித் தொழிலாளர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். மே 12-ம் தேதி அது கலவரமாகி 4 பேர் இறந்தார்கள். அப்போது தெருவுக்கு ஒரு கம்பெனி, கம்பெனிக்கு ஒரு கலர். 1971-ல் அவற்றைச் சில பெரிய கம்பெனிகளாகச் சேர்த்து, 1973-ல் ஒரே கம்பெனியாக்கினார்கள். பிறகு போட்டி வேண்டும் என்று இன்னொன்று. 2016-லிருந்து வண்டியும் வழித்தடமும் அரசாங்கத்துடையது. ஓட்டித் தருவது மட்டும் டெண்டர் எடுத்த கம்பெனியின் வேலை.

நடுவில் 2012 நவம்பரிலும் ஒரு ஸ்டிரைக். சீனாவிலிருந்து வந்த டிரைவர்கள் 171 பேர், மலேசிய டிரைவர்களுக்கு ஒரு சம்பளம், எங்களுக்கு ஒரு சம்பளமா என்று வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டார்கள். 26 வருஷத்தில் அந்த நாடு பார்த்த முதல் ஸ்டிரைக். 29 பேரைத் திருப்பி அனுப்பினார்கள். 5 பேருக்குச் சிறை. ‘பீப்’ சத்தத்துக்குப் பின்னால் சம்பளக் கவலையுள்ள ஒரு மனுஷர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை ஊர் அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

*

எனக்குப் பிடித்த பஸ் 170. குவீன் ஸ்டிரீட்டில் புறப்பட்டு, தேக்கா ஓரமாக புக்கிட் தீமா சாலையைப் பிடித்து, கிராஞ்சி போர் நினைவிடத்தைத் தாண்டி, கடல் மேல் ஏறி மலேசியாவுக்குள் போய், ஜொகூர் பாருவில் லார்க்கின் பஸ் நிலையத்தில் நிற்கிற டவுன் பஸ். ஆமாம், டவுன் பஸ்ஸில் வெளிநாடு!

போகிற விதம்தான் வேடிக்கை. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பஸ் நின்றதும் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு இறங்கி ஓடுவார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு மறுபக்கம் இறங்கினால், வந்த பஸ் போயிருக்கும். அடுத்த 170-ல் ஏற வேண்டும். பாலத்தைத் தாண்டியதும் மறுபடி இறங்கு, மறுபடி பாஸ்போர்ட், மறுபடி ஓட்டம், மறுபடி வேறு 170. ‘ஸீட்டில் கர்சீப் போட்டு வைப்பது’ என்ற நம் தேசியக் கலை இங்கே செல்லாது. போட்ட கர்சீப் தனியாக மலேசியா போய்விடும்.

பாலம் 1924-ல் திறந்தது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மலேசியர்கள் பெருங்கூட்டமாகத் தினமும் விடிவதற்கு முன்பே அதைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறார்கள். எங்கள் ஆபீஸ் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கும் தமிழ் அக்கா அவர்களில் ஒருவர். நாலு மணிக்கு எழுந்து, ஐந்து மணிக்குள் சாவடி வரிசையில் நின்றால்தான் எட்டு மணிக்கு எங்கள் மேஜை பளபளக்கும். “பாதித் தூக்கம் வீட்டுல, மீதி பஸ்ஸுல தம்பி” என்பார்.

2020 மார்ச் 18-ம் தேதி கொரோனாவால் அந்தப் பாலம் மூடப்பட்டது. இரண்டு வாரம் என்று சொன்னார்கள். வேலை போய்விடக் கூடாதே என்று அக்கா முதல் நாளே ஒரு பையோடு வந்து, தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டார். இரண்டு வாரம் இரண்டு மாதமானது. மாதங்கள் வருஷமானது. மகளுக்குப் பரீட்சை, மாமியாருக்கு ஆபரேஷன் எல்லாம் போனிலேயே நடந்தது. ஒருநாள் பாண்டியில் காபி போட்டபடி சொன்னார்:

“ஒரு கிலோமீட்டர் தம்பி. நடந்தாகூட கால் மணிதான். உட்லண்ட்ஸ் கரையில நின்னா எங்க ஊர் வெளக்கு தெரியுது.”

நான் என்ன பதில் சொல்வது? 3,000 கிலோமீட்டர் தள்ளி வந்தவனுக்கு ஊர் கண்ணில் படாது, அந்த மட்டும் சௌகரியம். அவருக்கு அந்தச் சௌகரியமும் இல்லை.

2021 நவம்பர் கடைசியில், தடுப்பூசி போட்டவர்களுக்காகத் தனி பஸ்கள் விட்டார்கள். டிக்கெட்டுக்கு அடிதடி. அக்காவுக்கு டிசம்பரில் ஒரு டிக்கெட் கிடைத்தது. 20 மாசம் கழித்து அந்த ஒரு கிலோமீட்டரை பஸ்ஸில் கடந்தார். “என்னக்கா, அழுதீங்களா?” என்று பிறகு கேட்டேன். “எங்க அழுறது? பஸ்ஸுல எல்லாருமே அழுதுட்டு இருந்தாங்க. நான் டிஷ்யூ கொடுத்துட்டு வந்தேன்” என்றார். 2022 ஏப்ரல் 1-ம் தேதி பாலம் முழுசாகத் திறந்தது. அக்கா பழையபடி நாலு மணிக்கு எழுந்திருக்கிறார். வரிசை நீளம் என்று அலுத்துக்கொள்கிறார். அந்த அலுப்பைக் கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

*

இனி, பஸ் ஜன்னல் வழியாகத் தெரிகிற விஷயத்துக்கு வருகிறேன்.

காலை ஏழு மணிக்கு ஏ.ஸி. பஸ்ஸில் நான் ஆபீஸ் போகும்போது, சிக்னலில் பக்கத்தில் ஒரு லாரி வந்து நிற்கும். பின்னால் மரப் பலகை, கம்பி, சிமென்ட் மூட்டை. அவற்றோடு பத்துப் பதினைந்து ஆட்கள். தலைக்கு மேல் ஒரு கூரை, பக்கத்தில் தடுப்பு, அவ்வளவுதான். ஸீட் பெல்ட் கிடையாது, ஸீட்டே கிடையாது. புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர், அந்தப் பக்கம் பங்களாதேஷ் என்று பல ஊர் முகங்கள். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இந்த ஊரின் பஸ் நிலையங்களையும், ரயில் சுரங்கங்களையும், நான் குடியிருக்கும் அடுக்கு மாடியையும் கட்டியவர்கள் இவர்கள் மாதிரி ஆட்கள்தான். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. சில சமயம் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் நம் முகத்தை அடையாளம் கண்டு லேசாகத் தலையசைப்பார். நாமும் அசைப்போம். சிக்னல் விழுந்துவிடும்.

2021 ஏப்ரலில், தொழிலாளர்களை ஏற்றி வந்த லாரி ஒன்று, பெருஞ்சாலை ஓரம் நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதி 2 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆட்களை பஸ்ஸில்தான் கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் போடச் சொல்லிப் பலர் கேட்டார்கள். பார்லிமென்ட்டிலும் பேசினார்கள். 2023-ல் மறுபடி கோரிக்கை எழுந்தபோது, உடனே தடை போட்டால் சின்ன கம்பெனிகள் தாங்காது, வீடு கட்டும் வேலையும் ரயில் வேலையும் தாமதமாகும் என்று அரசாங்கத் தரப்பு பதில் சொன்னது. அதுவும் ஒரு கணக்குதான். ஆனால் சக்கர நாற்காலிப் பாட்டிக்காக மூன்று நிமிஷம் முழு பஸ்ஸும் காத்திருந்த அதே ஊரில், லாரிக்காரர்களுக்கு மட்டும் கணக்கு ஏன் வேறாக இருக்கிறது என்று என் போன்ற ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் பிடிபடவில்லை.

பஸ்ஸே அவர்களுக்கு எமனான நாளும் உண்டு. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. லிட்டில் இந்தியாவில், தொழிலாளர்களை விடுதிகளுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் தனியார் பஸ் ஒன்றின் அடியில் சிக்கி, தமிழ்நாட்டிலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் இறந்தார். கூட்டம் கொதித்து, போலீஸ் வண்டியும் ஆம்புலன்ஸும் எரிந்தன. 1969-க்குப் பிறகு அந்த ஊர் பார்த்த முதல் கலவரம். விசாரணைக் கமிட்டி, விபத்தும் குடியும்தான் காரணம், வேலை நிலைமை மீதான கோபம் அல்ல என்று 2014-ல் அறிக்கை கொடுத்தது. பிறகு அந்த வட்டாரத்தில் மதுவுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன.

எனக்கு நினைவில் நிற்பது வேறு. அன்றைக்கு அங்கே கூடியிருந்தவர்கள் வாரத்தில் ஆறு நாள் லாரியில் போகிறவர்கள். ஏழாவது நாள் ஒன்றுதான் அவர்கள் ஸீட்டில் உட்கார்ந்து போகிற நாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் எந்த பஸ்ஸில் ஏறினாலும் அவர்களைப் பார்க்கலாம். சலவைச் சட்டை, வாரிய தலை, கையில் ஊருக்கு அனுப்ப வாங்கிய சாமான் பை. எல்லோரும் வைக்கிற அதே கார்டு, அதே ‘பீப்’, அதே காசு. கோட்டு போட்ட வெள்ளைக்காரருக்குப் பக்கத்து ஸீட் காலி என்றால் உட்கார்ந்துகொள்ளலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த ஊர் பஸ்ஸில் ஏ.ஸி.யை விட, மாடியை விட, குனிகிற கதவை விடப் பெரிய வசதி அதுதான்.

போன மாதம் 147-ல் மாடியில் போய்க்கொண்டிருந்தேன். மாடியின் முன்வரிசை ஸீட் என்பது ராஜ சிம்மாசனம். முழுக்கக் கண்ணாடி, ரோடு நம் காலுக்குக் கீழே ஓடிவரும். அதில் முப்பது வயதுத் தம்பி ஒருவர் உட்கார்ந்து, ஊரில் இருக்கும் பிள்ளையோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். ஹன்னாவுக்குப் பிடிக்காத சத்தத்தில்தான். போனைத் திருப்பிக் கண்ணாடி வழியாக ரோட்டைக் காட்டினார். மரங்கள், விளக்குகள், பஸ்ஸுக்கு முன்னால் சிற்றெறும்பாக ஊரும் அந்த ஒரு லட்சம் டாலர் கார்கள்.

“அப்பா, நீயா ஓட்டுற?” என்றது பிள்ளை.

தம்பி திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

“ஆமாடா தங்கம், அப்பாதான் ஓட்டறேன்” என்றார் கேப்டன்.

மறுநாள் திங்கட்கிழமை. விடிவதற்குள் அவருக்கு லாரி வந்திருக்கும்.